தங்கச் சுரங்கத்தில் ஒரு வானாராய்ச்சி

வானத்தை அறிய விழைந்த மனிதன் என்றும் உயரங்களையே நாடிச் சென்றிருக்கிறான். 13 ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி தமது வானாய்வுக் கூடத்தை மராகா நகரின் குன்றொன்றின் மீது எழுப்பினார். 15 ஆம் நூற்றாண்டில் உலூக் பேக் சமர்கந்தில் நிறுவிய புகழ்மிக்க ஆய்வுக்கூடமும் ஒரு மேட்டின் மீதே நின்றது. கதிரவனை ஆராய நம் தமிழகத்தில் கொடைக்கானல் மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 1912 இல் ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி, ஐந்து கிலோமீட்டர் உயரம் சென்று, விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் அண்டக் கதிர்களை உலகிற்கு அறிவித்தார்.

1965 இல் ஓர் ஆராய்ச்சிக் குழுவினர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார்கள். வானிலிருந்து வரும் ஒன்றைக் காண்பதற்காக அவர்கள் பூமிக்குள் 2,300 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய இடம் நமக்கு அயலானதன்று. தமிழகத்தின் எல்லையை ஒட்டியிருக்கும் கோலார் தங்கவயல் அது. அவர்கள் தேடியது தங்கமன்று. நியூட்ரினோ என்னும் நுண்துகள், அதிலும் பேராற்றல் படைத்து வானிலிருந்து வரும் நியூட்ரினோ, அவர்களுடைய தேட்டமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் இப்பெயர் நம் நாட்டில் அச்சத்தோடும் சர்ச்சையோடும் பேசப்படுவதால், அதன் பழைய வரலாற்றை ஒருமுறை நிதானமாகத் திரும்பிப் பார்ப்பது நலம் என்று கருதுகிறோம்.

கணக்கு நேராகாத ஒரு கதை

நியூட்ரினோவைக் கண்ணால் கண்டு யாரும் அறிவிக்கவில்லை. கணக்கில் விழுந்த ஒரு குறையை நிரப்பவே அது முதலில் கற்பனை செய்யப்பட்டது. சில அணுக்கருக்கள் தாமே சிதைந்து எலெக்ட்ரானை வெளியிடுகின்றன. சிதைவுக்கு முன் இருந்த ஆற்றலும் பின் இருக்கும் ஆற்றலும் சமமாக இருக்க வேண்டும் என்பது இயற்கையின் விதி. ஆனால் அளந்து பார்த்தபோதெல்லாம் வரவும் செலவும் ஒத்துவரவில்லை. ஏதோ ஒரு பங்கு காணாமற் போய்க்கொண்டிருந்தது. விதியே பொய்யோ என்று ஐயுறும் அளவிற்குப் பேரறிஞர்களும் குழம்பினார்கள்.

1930 டிசம்பர் 4 அன்று சூரிச் நகரிலிருந்து வொல்ஃப்காங் பாலி ஒரு கடிதம் எழுதினார். டூபிங்கன் நகரில் கூடியிருந்த விஞ்ஞானிகளுக்கு அது அனுப்பப்பட்டது. சூரிச்சில் நடனவிருந்து ஒன்று இருந்தமையால் தாம் நேரில் வர இயலவில்லை என்று அதில் அவர் குறிப்பிட்டிருந்தார். அந்தக் கடிதத்தில்தான், மின்னூட்டம் ஏதுமற்ற, கருவிகளுக்கு அகப்படாத ஒரு துகள் எலெக்ட்ரானோடு சேர்ந்து வெளியேறி, குறைந்துபோன ஆற்றலைச் சுமந்து செல்கிறது என்னும் துணிவான கருத்தை அவர் முன்வைத்தார். சில ஆண்டுகளில் இத்தாலிய அறிஞர் என்ரிகோ ஃபெர்மி அக்கருத்துக்கு முறையான கோட்பாட்டு வடிவம் தந்தார். அத்துகளுக்கு இத்தாலிய மொழியில் ‘சின்னஞ்சிறு நடுநிலையன்’ எனப் பொருள்படும் நியூட்ரினோ என்ற பெயரும் நிலைத்தது.

பெயர் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. 1934 இல் ஹான்ஸ் பெத்தேயும் ருடால்ஃப் பைர்ல்ஸும் இத்துகள் பிற பொருள்களோடு மோதும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். அணுச் சிதைவில் பிறக்கும் ஒரு நியூட்ரினோவை உறுதியாகத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் ஒளியாண்டுக் கணக்கில் தடிப்புள்ள ஈயச் சுவர் வேண்டும்! இதைக் காண நடைமுறையில் வழியே இல்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

எனினும், ஒரு துகள் மோதும் வாய்ப்பு மிகச் சிறிது என்றால், எண்ணிறந்த துகள்கள் இருக்கும் இடத்தில் காத்திருந்தால் என்ன? அமெரிக்காவின் சவானா ஆற்றங்கரையிலிருந்த அணு உலையின் அருகில் ஃப்ரெடரிக் ரைன்ஸும் கிளைட் கவனும் அவ்வாறே காத்திருந்தார்கள். உலையிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவும் நொடிக்குப் பத்து லட்சம் கோடி அளவில் பாய்ந்த துகள்களுள், மணிக்கு ஏறத்தாழ மூன்று மட்டும் அவர்களுடைய தொட்டிகளில் அகப்பட்டன. 1956 ஜூன் 14 அன்று அவர்கள் பாலிக்குத் தந்தி கொடுத்தார்கள். கற்பனையாகத் தொடங்கியது கால் நூற்றாண்டில் மெய்யாயிற்று.

ஆற்றல் ஏற ஏற

உலையில் பிறக்கும் நியூட்ரினோக்கள் ஆற்றல் குறைந்தவை. கதிரவனில் பிறந்து நம்மை வந்தடைபவையும் அத்தகையனவே. நாம் இவ்வரிகளைப் படிக்கும் நேரத்தில், நம் கட்டைவிரல் நகமளவு பரப்பின் வழியே நொடிதோறும் ஏறத்தாழ 6,500 கோடி கதிரவ நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. நமக்கு அவற்றால் ஓர் ஊறும் இல்லை. ஓர் உணர்வும் இல்லை. பகலில் தலை வழியே நுழைபவை இரவில் பூமியைக் கடந்து கால் வழியே வருகின்றன என்பதே வேற்றுமை.

பேராற்றல் நியூட்ரினோக்களின் பிறப்பு வேறு. அண்டக் கதிர்கள் நமது வளிமண்டலத்தின் மேலடுக்கில் வந்து மோதும்போது பையான் எனும் நிலையற்ற துகள்கள் தோன்றுகின்றன. அவை கணப்பொழுதில் சிதைகின்றன. ஒவ்வொரு சிதைவிலும் ஒரு மியூவானும் ஒரு நியூட்ரினோவும் பிறக்கின்றன. மியூவான் என்பது எலெக்ட்ரானின் தமையன் போன்றது, மின்னூட்டத்தில் ஒத்தது, எடையில் ஏறத்தாழ இருநூறு மடங்கு மிகுந்தது. அதனோடு பிறக்கும் நியூட்ரினோ தனி வகையைச் சேர்ந்தது என்பதையும், அது மோதினால் எலெக்ட்ரானைத் தராமல் மியூவானையே தரும் என்பதையும் 1962 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லெடர்மன், ஷுவார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் ஆகிய மூவர் நிலைநாட்டினார்கள்.

இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை செய்திருக்கிறது. நியூட்ரினோவின் ஆற்றல் ஏற ஏற, அது அணுக்கருவோடு மோதும் வாய்ப்பும் ஏறுகிறது. ஆற்றல் குறைந்த நியூட்ரினோவுக்கு ஒளியாண்டுக் கணக்கில் ஈயம் வேண்டுமென்றால், நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரினோவுக்குப் பல கோடிக் கிலோமீட்டர் தடிப்புள்ள பாறை போதும். ஆற்றல் மேலும் லட்சம் மடங்கு உயரும்போது, நமது பூமியின் குறுக்களவே அதற்குக் கணிசமான தடையாகிவிடுகிறது.

மோதல் இரண்டு விதமாக நிகழ்கிறது. ஒருவகையில், நியூட்ரினோ தன் உருவை இழந்து, மின்னூட்டமுள்ள தன் துணைத் துகளாக மாறிவிடுகிறது. மியூவான் வகையைச் சேர்ந்த நியூட்ரினோ மியூவானாகிறது. எலெக்ட்ரான் வகை எலெக்ட்ரானாகிறது. மற்றொரு வகையில், அது அணுக்கருவை உதைத்துச் சிதறவைத்துவிட்டு, நியூட்ரினோவாகவே தன் வழியே போய்விடுகிறது. இரண்டு வகையிலும் நாம் காண்பது நியூட்ரினோவை அன்று; அது விட்டுச்சென்ற தடயத்தையே. வந்தவர் யாரென்று தெரியாத வீட்டில், திறந்து கிடக்கும் கதவையும் மண்ணில் பதிந்த காலடியையும் கொண்டு வந்தவரை அறிவது போன்றது இது.

இத்தடயங்களுள் மியூவானே மிகப் பயனுள்ளது. எலெக்ட்ரான் பாறையில் விரைவில் அடங்கிவிடும். மியூவானோ பாறையை ஊடுருவி நெடுந்தொலைவு ஓடும். ஆற்றல் மிகுந்ததாயின் கிலோமீட்டர் கணக்கிலும் ஓடும். அதுவும், வந்த நியூட்ரினோவின் திசையிலேயே ஏறக்குறைய ஓடும். ஆகவே கருவிக்குள் மோதல் நிகழ வேண்டும் என்ற கட்டாயமில்லை. கருவியைச் சூழ்ந்த பாறை முழுவதையும் வலையாக விரித்துவிட்டு, நடுவில் அமர்ந்து மியூவானுக்குக் காத்திருக்கலாம். பூமிக்கடியிலும், ஆழ்ந்த ஏரியிலும், கடலிலும் இவ்வாறு காத்திருக்கலாம் என்ற கருத்தை 1960 இல் சோவியத் நாட்டு அறிஞர் மோய்சே மார்கோவ் வெளியிட்டார்.

ஆழத்தில் கிடைத்த மௌனம்

ஏன் பூமிக்கடியில் செல்ல வேண்டும்? விடை எளிது. வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான்கள் தாமே நேராகவும் நம்மை வந்தடைகின்றன. தரைமட்டத்தில் நம் உள்ளங்கையின் வழியே நொடிக்கு ஒன்றிரண்டு பாய்ந்துகொண்டே இருக்கின்றன. இந்தச் சந்தைக் கூச்சலில், நியூட்ரினோ பெற்றெடுத்த ஓரிரண்டு மியூவான்களின் குரலை எவ்வாறு பிரித்தறிவது? கூச்சல் அடங்கவேண்டும். அதனை அடக்கவல்லது பாறை ஒன்றே. மியூவான்களைப் பாறை வடிகட்டிவிடும்; நியூட்ரினோவுக்குப் பாறை ஒரு பொருட்டன்று.

அத்தகைய ஆழம் உலகில் மிகச் சில இடங்களிலேயே இருந்தது. அவற்றுள் ஒன்று கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம். 1880 களில் ஜான் டெய்லர் குழுமத்தார் தொடங்கிய அகழ்வு, தலைமுறை தலைமுறையாக ஆழ்ந்து சென்று மூன்று கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று என்ற பெயரை அது பெற்றிருந்தது.

இதன் அருமையை முதலில் உணர்ந்தவர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபா அவர்களே. 1950 களின் தொடக்கத்தில் அவருடைய தூண்டுதலால் பி. வி. ஸ்ரீகண்டன் என்னும் இளம் விஞ்ஞானி கருவிகளைச் சுமந்து கோலார் சுரங்கத்தில் இறங்கினார். வெவ்வேறு ஆழங்களில் மியூவான்களின் எண்ணிக்கை எவ்வாறு குறைகிறது என்பதை அளந்தார். பின்னர் 1960 களின் தொடக்கத்தில் எம். ஜி. கே. மேனன், பி. வி. ரமணமூர்த்தி, ஜப்பானிய அறிஞர் மியாகே ஆகியோர் அப்பணியை மேலும் ஆழத்திற்குக் கொண்டு சென்றார்கள். ஏறத்தாழ 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு மியூவான்கூடப் பதிவாகவில்லை!

வேறு எவரேனும் இதனைத் தோல்வி என்று எழுதி வைத்திருப்பார்கள். அவர்களுக்கோ அந்த வெறுமையே பெரும் செல்வமாகத் தோன்றியது. வானத்து மியூவான்களின் கூச்சல் முற்றாக அடங்கிய இடம் கிடைத்துவிட்டது. இனி அங்கே ஏதேனும் ஒன்று ஒலித்தால், அதை எழுப்பியது நியூட்ரினோவாகவே இருக்க வேண்டும்.

1965: இரு சுரங்கங்களின் போட்டி

மும்பையின் டாட்டா நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கைகோத்தன. ஒசாகாவின் மியாகேயும், பிற்காலத்தில் பிரிட்டனின் அரச வானியலாளராக உயர்ந்த டர்ஹாமின் ஆர்னால்ட் வொல்ஃபென்டேலும் அக்கூட்டணியில் இருந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் தண்டுவழி அருகே, 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகள் நிறுவப்பட்டன.

அக்கருவியின் அமைப்பு அறிவுக்கு விருந்தளிப்பது. துகள் ஊடுருவிச் சென்றால் மின்மினிபோல் ஒளி சிந்தும் பிளாஸ்டிக் பலகைகளைக் கொண்டு எதிரெதிரே இரண்டு சுவர்கள் நிறுத்தப்பட்டன. அவ்வொளியை மின்துடிப்பாக மாற்றிப் பெருக்கும் குழாய்கள் பலகைகளைக் காவல் காத்தன. இரு சுவர்களுக்கும் இடையே, நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்களும் ஈயத் தகடுகளும் அடுக்கடுக்காக நின்றன. இரு சுவர்களும் ஒருசேர ஒளிவிட்டால் நியான் குழாய்களுக்கு உயர் மின்னழுத்தம் பாயும். துகள் சென்ற வழியிலிருந்த குழாய்கள் மட்டும் ஒளிரும். அவ்வொளிக்கோடு புகைப்படமாகப் பதியும். வந்தது எது, எத்திசையில் வந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

சுவர்களைக் கிடைமட்டமாக வைக்காமல் நிமிர்த்தி நிறுத்தியதிலும் ஒரு நுட்பம் உண்டு. 2,300 மீட்டர் பாறையையும் துளைத்துத் தப்பிவரும் சில மியூவான்கள் இருக்கக்கூடும். அவை மேலிருந்து செங்குத்தாகவே வரும். ஏனெனில் சாய்வாக வருபவை கடக்கவேண்டிய பாறையின் தடிப்பு பன்மடங்கு மிகுதி. ஆகவே, பக்கவாட்டில் வந்து இரு சுவர்களையும் ஊடுருவும் மியூவான், வானிலிருந்து நேரே வந்ததாக இருக்க முடியாது. சுற்றியிருக்கும் பாறையிலே ஒரு நியூட்ரினோ மோதி, அங்கேயே அதனைப் பிறப்பித்திருக்க வேண்டும். கருவி பார்த்த திசையே ஐயத்தை அறுக்கும் வாளாயிற்று.

இதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே, ஈஸ்ட் ரேண்ட் தங்கச் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் மற்றொரு குழு காத்திருந்தது. அதன் தலைவர் வேறு யாருமல்லர். அணு உலையருகே நியூட்ரினோவை முதன்முதல் பிடித்த ரைன்ஸே அவர். அவருடைய கருவி 1965 பிப்ரவரி 23 அன்று முதல் மியூவானைப் பதிவு செய்தது. கோலாரிலும் அதே ஆண்டில் நியூட்ரினோவின் காலடிகள் பதிந்தன. கோலார் குழுவினர் தமது ஆய்வுரையை ஜூலை 12 அன்று அனுப்பினார்கள். அது ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. ரைன்ஸ் குழுவின் உரை ஜூலை 26 அன்று போய்ச் சேர்ந்து, ஆகஸ்ட் 30 அன்று வெளிவந்தது. பதிவில் முந்தியது ஆப்பிரிக்கச் சுரங்கம். அச்சில் முந்தியது கோலார். மனிதன் உலையில் ஆக்காமல் இயற்கையே ஆக்கியளித்த நியூட்ரினோவை முதலில் கண்ட பெருமையை, உலகம் இன்றும் இவ்விரு குழுவினருக்கும் சேர்த்தே வழங்குகிறது.

இந்த வெற்றியைக் கண்ட பாபா அவர்கள் அதன் பின் நெடுநாள் வாழவில்லை. 1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் மோதி நொறுங்கிய விமானத்தில் அவரும் மறைந்தார்.

பெயர் எழுதப்படாதோர்

அந்த ஆய்வுரையின் முகப்பில் மூன்று நாடுகளைச் சேர்ந்த விஞ்ஞானிகளின் பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் அந்தப் பெருமைக்கு முற்றும் உரியவர்களே. ஆயினும், 2,300 மீட்டர் ஆழத்தில் ஒரு மௌனம் அவர்களுக்காகக் காத்திருந்ததே, அந்த ஆழத்தை யார் தோண்டினார்கள்? வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் பஞ்சத்திற்கும் வறுமைக்கும் அஞ்சிப் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழரும் தெலுங்கருமே பெரும்பாலும் அச்சுரங்கத்தின் தொழிலாளர்கள். வெப்பம் தகிக்கும் பாறைக்குள், எப்போது வெடித்துச் சரியும் என்று அறியமுடியாத சுவர்களுக்கிடையே, அவர்கள் உழைத்தார்கள். பாறை வெடிப்பில் மாண்டவர்களும், பாறைத்தூளைச் சுவாசித்து நுரையீரல் நோயால் மெலிந்தவர்களும் அவர்களிடையே பலர்.

அவர்கள் தங்கத்திற்காகத் தோண்டினார்கள். அத்தங்கம் அவர்கள் கைக்கு வரவில்லை. நியூட்ரினோவுக்காக அவர்கள் தோண்டவில்லை. ஆனால் அந்த அறிவுச் செல்வத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. விஞ்ஞானிகளைக் கூண்டில் ஏற்றி இறக்கியதும், கருவிகளை வைக்கக் குகையைச் செதுக்கியதும், காற்றும் மின்சாரமும் அவ்வாழத்திற்குத் தடையின்றி வரச் செய்ததும் சுரங்கத்தாரின் உழைப்பே. விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வரியிலேனும் குறிப்பது கடமை என்போம்.

சலாமின் கருத்தும் கோலாரின் இரண்டாம் பணியும்

நியூட்ரினோ மோதும் இரு வகைகளில் இரண்டாவதை, அதாவது அது உருமாறாமல் உதைத்துவிட்டுச் செல்வதை, 1960 களில் யாரும் கண்டதில்லை. மின்காந்த விசையும், அணுச் சிதைவுக்குக் காரணமான மெல்விசையும் ஒரே விசையின் இரு முகங்கள் என்னும் கோட்பாட்டை பாகிஸ்தானின் பேராசிரியர் அப்துஸ் சலாமும், அமெரிக்க அறிஞர்களான வைன்பெர்க், கிளாஷோ ஆகியோரும் உருவாக்கினார்கள். அக்கோட்பாடு மெய்யாயின் அத்தகைய மோதலும் நிகழ்ந்தாக வேண்டும். 1973 இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில், கார்கமெல் என்ற குமிழிக் கலத்தில் அது நிகழக் கண்டார்கள். 1979 இல் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சலாம் அத்தோடு நிற்கவில்லை. ஒடிசாவில் பிறந்த ஜோகேஷ் பதியோடு சேர்ந்து, அழியாதது என்று கருதப்பட்ட புரோட்டானும் நெடுங்காலத்தில் சிதையக்கூடும் என்று 1970 களில் உரைத்தார். இதனைச் சோதிக்கவும் ஆழ்ந்த மௌனம் வேண்டும். கோலார் மீண்டும் அழைக்கப்பட்டது. 1980 இல் 140 டன் இரும்பைக் கொண்ட கருவி அங்கே இயங்கத் தொடங்கியது. புரோட்டான் சிதைவுக்கென்றே அமைந்த சோதனைகளுள் உலகில் முந்தியது அது. அடுத்த சில ஆண்டுகளில் அதனினும் பெரிய கருவியொன்றும் சேர்ந்தது. சிதைவோ என்று எண்ணத்தக்க சில நிகழ்ச்சிகள் பதிவாயின. பிற நாட்டுச் சோதனைகள் அவற்றை உறுதி செய்யவில்லை. இன்றுவரை எவரும் புரோட்டானின் மரணத்தைக் கண்டதில்லை.

1990 களின் தொடக்கத்தில் கோலாரின் விஞ்ஞானப் பணி முடிவுக்கு வந்தது. தங்கத்தின் அளவு குறைந்து, நட்டம் பெருகியதால் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. நீரேற்றிகள் நின்றன, ஆழத்தில் நீர் நிறைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பும் அன்றோடு தணிந்தது. தங்கத்தின் விலையைக் கணக்கிட்டவர்கள், அந்த ஆழத்தின் விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நீரும் பனியும் கடலும்

கோலாரில் தொடங்கிய தேடல் பிற நாடுகளில் வளர்ந்தது. பாறைக்குள் சிறு கருவியை வைப்பதற்கு மாறாக, தெளிந்த நீரையே கருவியாக்கும் முறை வந்தது. நீரில் ஒளியின் வேகம் குறைந்து முக்கால் பங்காகிறது. அதனை விஞ்சி ஒரு மின்னூட்டத் துகள் நீரில் விரையுமானால், விரைந்து செல்லும் படகின் முன்னால் அலை கூம்புவதுபோல், நீலநிற ஒளி கூம்பு வடிவில் விரிகிறது. சோவியத் அறிஞர் செரென்கோவின் பெயரால் அழைக்கப்படும் இவ்வொளியைக் கொண்டு, துகளின் திசையையும் ஆற்றலையும் கணிக்கலாம்.

ஜப்பானின் கமியோகாவில் ஒரு சுரங்கத்திலும், அமெரிக்காவின் ஒஹையோவில் ஓர் உப்புச் சுரங்கத்திலும் பெரும் நீர்த்தொட்டிகள் அமைந்தன. அவையும் புரோட்டானின் சிதைவைத் தேடி எழுந்தவையே. 1987 பிப்ரவரி 23 அன்று, நமது பால்வீதிக்கு அண்மையிலுள்ள ஒரு விண்மீன் கூட்டத்தில் ஒரு பெருவிண்மீன் வெடித்த செய்தியை நியூட்ரினோக்கள் அத்தொட்டிகளுக்குக் கொண்டுவந்தன. புரோட்டானின் மரணத்திற்குக் காத்திருந்தோர் ஒரு விண்மீனின் மரணத்தைக் கண்டார்கள்! 1998 இல் கமியோகாவில் 50,000 டன் நீர் கொண்ட புதிய தொட்டி மற்றோர் உண்மையை வெளியிட்டது. வளிமண்டலத்தில் பிறந்த மியூவான் வகை நியூட்ரினோக்கள் பூமியைக் கடந்து வரும் வழியில் வேறு வகையாக உருமாறுகின்றன. ஆகவே அவற்றுக்குச் சிறிதேனும் நிறை உண்டு. கோலாரில் 1965 இல் காணப்பட்டவையும் இதே வளிமண்டல நியூட்ரினோக்களே என்பதை நினைவிற்கொள்வோம்.

வளிமண்டலத்துக்கு அப்பால், தொலைவான விண்மீன் மண்டலங்களில் பிறந்தவற்றைக் காண இன்னும் பெரிய வலை வேண்டியிருந்தது. தென் துருவத்தின் பனிப்பாறையில் 86 துளைகளிட்டு, 1,450 முதல் 2,450 மீட்டர் வரையுள்ள ஆழத்தில் 5,160 ஒளியுணர் கருவிகளைப் பதித்தார்கள். ஒரு கன கிலோமீட்டர் பனி ஒரு கண்ணாகியது. ஐஸ்கியூப் எனப்படும் அந்த ஆய்வகம் 2010 இன் இறுதியில் முழுமை பெற்றது. 2013 இல், வளிமண்டலப் பிறப்பால் விளக்க இயலாத 28 பேராற்றல் நிகழ்ச்சிகளை அது அறிவித்தது. 2017 செப்டம்பர் 22 அன்று அது பதிவு செய்த நியூட்ரினோவின் ஆற்றல் ஏறத்தாழ 290 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட். அது வந்த திசையில் தொலைநோக்கிகளைத் திருப்பியபோது, நூற்றுக்கணக்கான கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், மாபெரும் கருந்துளையைத் தன் நடுவில் கொண்ட ஒரு விண்மீன் மண்டலம் கொந்தளித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. 2023 பிப்ரவரி 13 அன்று சிசிலித் தீவருகே, மத்தியதரைக் கடலின் ஏறத்தாழ 3,450 மீட்டர் ஆழத்தில், அதுவரை எவரும் காணாத பேராற்றல் கொண்ட நியூட்ரினோவின் தடயம் பதிந்தது. மனிதன் செர்ன் வளையத்தில் புரோட்டானுக்கு ஊட்டக்கூடிய ஆற்றலைப்போல் அது ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு எனக் கணித்திருக்கிறார்கள். கடலைக் கண்ணாக்கலாம் என்று மார்கோவ் 1960 இல் எழுதியது இவ்வாறு பலித்தது.

ஏன் இத்தனை பாடு என்று கேட்போர் உண்டு. ஒளி இடையிலுள்ள தூசியில் மறைந்துவிடும். அண்டக் கதிர்கள் காந்தப் புலங்களில் வளைந்து, பிறந்த இடத்தை மறந்துவிடும். நியூட்ரினோ எதிலும் சிக்காமல், எதற்கும் வளையாமல், பிறந்த திசையை மாற்றாமல் வருகிறது. எந்தக் குணம் அதனைப் பிடிப்பதற்கு அரிதாக்குகிறதோ, அதே குணம்தான் அதனை நம்பத்தக்க தூதனாகவும் ஆக்குகிறது.

நம் முன் நிற்கும் கேள்வி

கோலாரில் இழந்ததை மீட்கும் எண்ணத்தோடு, தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை அடுத்த மலையில், சுரங்கவழி குடைந்து 50,000 டன் இரும்பாலான கருவியை நிறுவும் திட்டம் உருவாயிற்று. 2015 ஜனவரியில் நடுவண் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. அப்பகுதி மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது, வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2022 இல் தமிழ்நாடு அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு வளத்தையும் புலிகளின் வழித்தடத்தையும் சுட்டி, இத்திட்டத்தை ஏற்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நியூட்ரினோ தீங்கு செய்யுமா என்பது ஒன்று. அதற்கு இவ்வரலாறே விடை சொல்லும். ஒளியாண்டு ஈயத்தைத் தொடாமல் கடக்கும் துகள் நம் உடலை என்ன செய்துவிடும்? உலகம் தோன்றிய நாள்முதல் அது நம் முன்னோரையும் பயிரையும் கால்நடையையும் ஊடுருவிக்கொண்டே வந்திருக்கிறது. மலையைக் குடைந்தால் காட்டிற்கும் நீரூற்றுக்கும் உழவருக்கும் என்ன நேரும் என்பது மற்றொன்று. இது நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரை அறியாதவர் என்று ஒதுக்குவது அறமன்று. அவருக்குப் புரியும் மொழியில், முன்கூட்டியே, மறைக்காமல் விடை கூறும் கடமை விஞ்ஞானத்திற்கு உண்டு. தேனியில் முதற்கேள்வியின் வீண் அச்சம் இரண்டாம் கேள்வியின் நியாயத்தோடு கலந்துவிட்டது. அதனால் இரண்டிற்குமே தெளிவான விடை மக்களுக்குக் கிட்டவில்லை.

கோலாரில் இத்தகைய வினா எழவில்லை. அங்கே மலை முன்னரே குடையப்பட்டிருந்தது. அதற்கான விலையைத் தொழிலாளர்கள் முன்னரே தந்திருந்தார்கள். நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் கோலாரைத் தங்கம் விளைந்த ஊராக மட்டுமே படிக்கிறார்கள். அங்கே மூன்று நாட்டு அறிஞர்கள் இருளில் அமர்ந்து வானத்துக்குச் செவிசாய்த்ததையும், அந்த இருளைத் தம் கையால் தோண்டிக் கொடுத்தவர்கள் வட ஆர்க்காட்டு ஏழைகள் என்பதையும் அவர்களுக்கு நாம் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். நாளை நம் மண்ணில் இன்னோர் ஆய்வுக்கூடம் எழுமா, எழுமாயின் எங்கே, எவ்வாறு என்று தீர்மானிக்கப்போகிறவர்கள் அப்பிள்ளைகளே.